காப்புப் பிரதி இருக்கிறதா? திருப்பி எடுத்துப் பார்த்தீர்களா?



பத்துப் பேர் வேலை செய்யும் சிறிய ஆபீஸ். சம்பளப் பட்டியல், வரவேண்டிய பாக்கி, வாடிக்கைக்காரர் விலாசம் எல்லாம் ஒரே ஸர்வரில். அது போனால் அந்த மாதச் சம்பளம் என்னாவது?

"ஸர்வரில் இரண்டு டிஸ்க் இருக்கிறதே!" என்கிறார்கள். ரெய்டு என்னும் அந்த இரட்டை ஏற்பாடு, ஒரு டிஸ்க் பழுதானால் உதவும், மறுக்கவில்லை. ஆனால் குமாஸ்தா கைதவறிக் கணக்கை அழித்தால், அந்தக் கணமே இரண்டிலும் அழியும். அது எப்படிக் காப்புப் பிரதியாகும்?

பெரிய கம்பெனிகளின் லட்சணம் என்ன? 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் கம்பெனியில் ஓர் இன்ஜினியர் தவறான ஸர்வரில் சுமார் 300 ஜிகாபைட் தகவலை அழித்துவிட்டார். காப்பு ஏற்பாடுகள் ஐந்து இருந்தன. ஒன்றும் நம்பும்படி இல்லை! தினசரிப் பிரதி எடுக்கும் புரோகிராம், பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இதை அவர்களே பகிரங்கமாக எழுதினார்கள். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே ஆண்டு மே மாதம் வானாக்ரை வந்தது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்கு நெட்வொர்க் வழியே தாவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டிஷ் அரசாங்க ஆஸ்பத்திரிகளே திணறின.

ஆகவே காப்பு ஸர்வரை எல்லோரும் எழுதக்கூடிய பொது டிரைவாக வைக்காதீர்கள். அதற்குத் தனிப் பாஸ்வேர்ட் வேண்டும். அதுவே பிரதான ஸர்வரிடம் போய்க் கோப்புகளை எடுத்துவரட்டும்; மற்ற இயந்திரங்களுக்கு அதில் எழுத உரிமை வேண்டாம். பழைய பிரதிகளையும் சில வாரங்கள் வைத்திருங்கள்.

விலாச விஷயம் ஒன்று. 192.168 என்று தொடங்கும் உள்விலாசங்களை ரூட்டர் பங்கிடுகிறது. இன்று ஒன்று, நாளை வேறொன்று. பிரதான ஸர்வரின் விலாசம் மாறினால், இரவில் பிரதி எடுக்கப் போன இயந்திரம் வீடு தெரியாமல் நிற்கும். இரண்டு ஸர்வருக்கும் ரூட்டரிலேயே நிரந்தர விலாசம் ஒதுக்குங்கள். இன்டர்நெட்டிலிருந்து நேரே அவற்றுக்கு வாசல் திறக்காதீர்கள்.

ஒரு பிரதி ஆபீஸுக்கு வெளியே இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் கம்பெனியின் ஸர்வர் கட்டடம் எரிந்தது; மூலத்தையும் பிரதியையும் அங்கேயே வைத்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

மாதம் ஒருமுறை, ஏதாவதொரு கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திருப்பி எடுத்துத் திறந்து பாருங்கள். யார் பார்ப்பது என்பதை இன்றே முடிவு செய்து, அவர் பெயரை ஸர்வர் பெட்டியின் மீது எழுதி ஒட்டுங்கள்.