முறிந்த எலும்பும் முதுகு ஊசியும்



மைசூரிலிருந்து கொள்ளேகாலம், ஹனூர் ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால், மாதேசுவரன் மலை வட்டாரத்தில் மார்டள்ளி என்னும் ஊர் இருக்கிறது. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பகுதி அது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கியது. மாவட்டங்கள் மாறினும் அங்கே பலருடைய வீட்டு மொழி தமிழே.

அவ்வூரில் எங்கள் அத்தை எண்பதாம் வயதில் வாசற்படியில் இடறி விழுந்தார். இடுப்பு மூட்டருகே எலும்பு முறிந்தது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மைசூருக்குக் கொண்டு சென்றோம். முதுகில் ஊசியிட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, மறுநாளே அறுவை செய்யலாம் என்றார் மருத்துவர். “முதுகில் குத்தினால் கால் விளங்காமற் போய்விடும்” என்றார் உறவினர் ஒருவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாங்கள் கன்னடப் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டினோமேயன்றி, அந்த அச்சத்தைப் போக்கவில்லை. இரண்டு நாட்கள் வீணாயின.

அச்சத்துக்கு ஆதாரம் உண்டா? தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, நரம்பிழைகள் நீரில் மிதக்கும் இடத்தில்தான் ஊசி செலுத்தப்படுகிறது. சில மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிடும். நிலையான முடக்கம் மிக மிக அரிது. இரத்த அழுத்தம் தாழ்வதுண்டு. அதைக் கவனிக்கவே மயக்க மருத்துவர் உடனிருக்கிறார். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுட் சிலருக்கு முழு மயக்கமே ஏற்றது.

முழு மயக்கமும் அஞ்சத்தக்கதன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மருத்துவமனைகளில், இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு, 2021இல் முடிவை வெளியிட்டனர். அறுபது நாட்களுக்குள் இறந்தோரும், பிறர் துணையின்றி நடக்க இயலாமற் போனோரும் சேர்ந்து, முதுகு ஊசி பெற்றவருள் நூற்றுக்கு 18.5, முழு மயக்கம் பெற்றவருள் 18. வேற்றுமை இல்லையென்றே கூறலாம்.

ஆகவே, எந்த முறை என்பதை மருத்துவருடன் கலந்து முடிவு செய்யலாம். காலத்தை மட்டும் கடத்தலாகாது. படுக்கையில் கிடக்கக் கிடக்க நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் தோன்றும், காலில் இரத்தம் உறையும். இரண்டு நாட்களுக்குள் அறுவையை முடித்துவிட மருத்துவர்கள் முயல்வது இதனாலேயே.

மூன்றாம் நாள் ஊசியிடும் வேளை வந்தது. அத்தைக்குக் கன்னடம் தெரியாது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. கன்னட எழுத்தில், அத்தையின் வீட்டுத் தமிழில், ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தோம்: “பாட்டி, முதுகை வளைச்சுக் குனிங்க, அசையாதீங்க, கால் சூடாகி மரத்துப்போகும், பயப்படாதீங்க.” மருத்துவர் அதைப் படிக்கக் கேட்டு, அத்தை சொன்னபடி செய்தாராம்.

இன்று அவர் கைத்தடியூன்றி நடக்கிறார். ஆயினும் அவ்விரண்டு நாள் வலி நாங்கள் கொடுத்தது. அந்தச் சீட்டை முதல் நாளே எழுதியிருக்கலாம். வேற்று மாநிலத்தில் முதியோருடன் வாழும் நேயர்கள் அவ்வாறு காத்திருக்க வேண்டாம்.