வீட்டுவண்டியில் 2,554 மைல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



2023 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யாமும் எம் மனைவியாரும் அமெரிக்க ஐக்கிய நாடுகளை மேற்கிலிருந்து கிழக்காகத் தரைவழியே கடந்த செய்தியைக் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். விமானத்தில் ஐந்து மணி நேரத்தில் முடியும் வழிக்கு யாம் இருபத்தாறு நாட்கள் எடுத்துக்கொண்டோம். பணத்தைச் செலவிட வேறு வழி தோன்றாமையால் அன்று. நாற்பத்தோராண்டு இல்வாழ்க்கையில், உற்றார் உறவினர் சூழாமல் இருவரும் தனித்து மூன்று நாட்களுக்குமேல் எங்கும் தங்கியதில்லை என்று எம் மனைவியார் ஒருநாள் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கிற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

அந்நாட்டில் 'மோட்டார் ஹோம்' என வழங்கும் வீட்டுவண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். இவ்வழக்கம் அங்கே புதியதன்று. 1915 ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கை அடுத்த ஹண்டிங்டனிலிருந்து ஒரு குடும்பத்தார் பேருந்து ஒன்றை வீடாக்கிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ வரை சென்றுள்ளனர். எம் வண்டியின் நீளம் இருபத்தைந்து அடி. அதனுள் கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை, கழிப்பறை எல்லாம் அடங்கியிருந்தன. ஒருவர் சமைக்குங்கால் மற்றவர் எழுந்து நடக்க இயலாது. சண்டையிட்டுக்கொண்டு வேறறைக்குச் செல்வதும் இயலாது. வலப்புறம் செல்லும் நாட்டில் இத்துணைப் பெரிய வண்டியைச் செலுத்துவதில் எமக்கு முதலிரு நாட்கள் உயிரச்சமே இருந்தது. எம் மனைவியார் அருகமர்ந்து, "இன்னும் இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கலிபோர்னியாவின் பார்ஸ்டோ நகரில் 40 ஆம் எண் பெருஞ்சாலை தொடங்குகின்றது. தொடங்குமிடத்திலேயே 'வில்மிங்டன் 2,554 மைல்' என்றொரு பலகை நிற்கின்றது. எட்டு மாநிலங்களைக் கடந்து அட்லாண்டிக் கடலோரத்தில் முடியும் ஒரே சாலை அது. அப்பலகையைக் கண்டதும் எம் மனைவியார் வாய்விட்டுச் சிரித்தார்.

இனி யாம் கூறப்போவது உண்ணும் வேளைக்கு ஏற்றதன்று, தாய்மார்கள் பொறுத்தருள்க. வீட்டுவண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் உண்டு. ஒன்றில் நன்னீர். குளித்ததும் பாத்திரம் கழுவியதுமான நீர் இரண்டாவதில் சேரும். அதனைச் சாம்பல்நீர் என்பர். கழிப்பறையினின்று இறங்குவது மூன்றாவதில் தங்கும். அதற்குப் பெயர் கருநீர். நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை, தங்கல் முகாமிலுள்ள கழிவு இறக்கும் குழியருகே வண்டியை நிறுத்தி, பருத்த குழாயொன்றைப் பொருத்தி, இவற்றைத் திறந்துவிடல் வேண்டும். கருநீரை முதலிலும் சாம்பல்நீரைப் பின்னரும் விடவேண்டுமென்பது முறை. சோப்பு கலந்த நீர் பின்னே வந்து குழாயைக் கழுவிவிடும். சோம்பலால் கருநீர் வால்வை எப்போதும் திறந்தே வைத்திருப்பவர், நீர் மட்டும் ஓடிப்போய் மற்றது தொட்டியில் இறுகிக் கிடக்கக் காண்பர்.

அரிஸோனாவில், ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள பிளாக்ஸ்டாப் நகரில், நான்காம் நாள் அவ்வேளை வந்தது. யாம் முகாம் அலுவலகத்திற்குச் சென்று, இருபது டாலர் தருவதாகவும் இவ்வேலைக்கு ஓர் ஆளை அனுப்புமாறும் கேட்டோம். அங்கிருந்த அம்மையார் எம் சொல்லை விளங்கிக்கொள்ளவே சற்று நேரமாயிற்று. அத்தகைய ஆள் ஒருவரும் இங்கில்லை, அவரவர் வண்டியை அவரவரே பார்த்துக்கொள்கின்றனர் என்று பணிவாகக் கூறி, படம் வரைந்த தாளொன்றைக் கொடுத்தார். திரும்பி வந்தபோது, அடுத்த வண்டிக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சீழ்க்கையடித்துக்கொண்டே தம் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

யாம் தாளைப் படிப்பவர்போல் நின்றோம். உண்மையில் எம் கை எழவில்லை. சிறிது பொழுது பார்த்திருந்த எம் மனைவியார் ஒன்றும் பேசாமல் கையுறையை அணிந்து குனிந்தார். அப்போதுதான் எமக்கு நாணம் வந்தது. கையுறையை வாங்கி அணிந்துகொண்டோம். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. அன்றிரவு குளிர் மிகுந்து, நன்னீர்க் குழாயில் நீர் உறைந்துவிட்டது. விடியுமட்டும் கை கழுவ வழியில்லை. அது வேறு கதை.

நியூ மெக்ஸிகோவில் நீர்பிரி மேடு ஒன்றைக் கடந்தோம். அதற்கு மேற்கே விழும் மழை பசிபிக் பக்கமும் கிழக்கே விழும் மழை அட்லாண்டிக் பக்கமும் சாயும் என்று பலகை சொல்கின்றது. கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. டெக்ஸாஸில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. ஒக்லஹோமாவைப் பற்றிச் சொல்ல எம்மிடம் மிகுதியில்லை. இருவரும் சளியோடு படுத்திருந்தோம்.

மிஸிஸிப்பி ஆற்றைக் கடந்தால் மெம்பிஸ் நகரம். மார்ட்டின் லூதர் கிங் அவர்கள் 1968 ஏப்ரல் 4 ஆம் நாள் சுடப்பட்ட லொரேன் விடுதி அங்குள்ளது. 1991 முதல் அது அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அவர் அந்நகருக்கு எதற்காக வந்தார் என்பதை யாம் அதுவரை அறியோம். அவ்வாண்டு பிப்ரவரி முதல் நாள், மழைக்கு ஒதுங்கிக் குப்பை லாரியின் பின்னறையில் இருந்த இரு தொழிலாளர், அமுக்கும் பொறி தானே இயங்கியதால் நசுங்கி இறந்தனர். அதன்பின் சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 'நான் மனிதன்' என்னும் அட்டையை மார்பில் தாங்கித் தெருவில் நடந்தனர். அவர்களுக்குத் துணைநிற்கவே கிங் வந்தார். 1959 இல் தம் மனைவியாருடன் நம் நாட்டிற்கு வந்திருந்தபோது, திருவனந்தபுரத்துப் பள்ளியொன்றில் தம்மைத் தீண்டப்படாதார் ஒருவர் என்று அறிமுகம் செய்ததாகவும், முதலில் சினந்து பின்னர் அஃது உண்மையே என உணர்ந்ததாகவும், 1965 இல் அவரே ஒரு பிரசங்கத்தில் கூறியுள்ளார்.

இறந்த இருவர் பெயர்களை எம் மனைவியார் உரக்கப் படித்தார்: எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர். வண்டிக்குத் திரும்பி உணவருந்துகையில், "உங்கள் வீட்டுக் கொல்லைச் சந்தில் வந்துகொண்டிருந்த அம்மாளின் பெயர் என்ன?" என்று எம்மைக் கேட்டார்.

முதியோர் பலருக்கு நினைவிருக்கும். நம் தெருவில் அக்காலத்தில் எல்லா வீட்டிலும் எடுப்புக் கக்கூஸ்தான். விடியலில் கூடையும் தகரமுமாய் அவ்வம்மாள் சந்து வழியே வருவார். எம் அன்னையார் பழைய சோற்றை இலையில் வைத்துத் தள்ளி நின்று போடுவார். பள்ளிக்கூடம் விட்டு மேற்படிப்புக்குச் செல்லும்வரை யாம் அவரை நாள்தோறும் கண்டோம். எம் வீட்டில் வளர்ந்த பசுவின் பெயர் எமக்கு நினைவிருக்கின்றது. அவர் பெயர் இல்லை. 1993 இலும் 2013 இலும் இவ்வேலையைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. அதற்கு முன்பே நம் தெருவிற்குத் தொட்டிக் கழிப்பறைகள் வந்துவிட்டன, அவரும் வாராதொழிந்தார், எங்கே சென்றார் என்று எவரும் கேட்கவில்லை.

அவ்விரவே எம் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவரும் பெயரறியார். பச்சை வளையல் அணிந்திருப்பார் என்றும், தம் வயதொத்த ஒரு பெண்குழந்தை சந்தின் முனையில் அவருக்காகக் காத்து நிற்கும் என்றும், அதனோடு பேசக்கூடாதென்று தம்மை அடித்தார்கள் என்றும் கூறினார்.

அப்பால் புகைமலைகளைக் கடந்து வில்மிங்டன் சேர்ந்தோம். எம் மனைவியார் கடலில் கால் நனைத்தார். வண்டியை ஒப்படைக்குமுன் தொட்டிகள் வெறுமையாயிருத்தல் வேண்டுமென்பது ஒப்பந்தம். ஐந்தாவது முறையாகக் கையுறை அணிந்தோம். இம்முறை எவரும் எம்மைப் பார்த்து நிற்க நேரவில்லை.

இக்கூட்டத்தில் நம் தெருவைச் சார்ந்த முதியோர் சிலர் அமர்ந்திருக்கின்றீர்கள். தேரடிக்கு மேற்கேயுள்ள சந்தில் வந்த அவ்வம்மாளின் பெயரையோ, அப்பெண் இப்போது இருக்கும் ஊரையோ அறிந்தவர் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்தபின் எமக்குத் தெரிவிக்குமாறு வேண்டிக்கொள்கின்றோம். எம் மனைவியார் வாயிற்பக்கம் அமர்ந்திருக்கின்றார். அவரிடம் கூறினாலும் நன்று.