பாலாற்றங்கரையின் வரவும் செலவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே வள்ளுவர் ஒரு கணக்குப் பாடம் நடத்துகிறார். ஒரு செயலில் இறங்குமுன் அதனால் கெடுவது எது, கிடைப்பது எது, பின்னாளில் அதன்வழி வந்து சேரும் ஆதாயம் எது என்னும் மூன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அக்குறளின் கருத்து. இம்மூன்றில் ஒன்றை மறைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் கணக்கை முடிக்கவுமில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் எனப் பாலாற்றின் இருமருங்கும் பரவியுள்ள தோல் நகரங்களைப் பற்றி மேடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் கவிதைகளிலும் நாள்தோறும் பேசப்படும் கூற்றுகள் பெரும்பாலும் இத்தகையவை. அவற்றுள் சிலவற்றைச் சான்றோடு ஒட்டிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கூற்று: தோல் ஏற்றுமதியில் 80 விழுக்காடு தமிழ்நாட்டினுடையது என்பது. இவ்வெண்ணுக்கு மூலம் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பில் அது காணப்படுகிறது. ஆனால் அங்கே அது முழுதும் பதனிடப்பட்ட தோலின் ஏற்றுமதியைக் குறிக்கிறது. ஷூ, ஷூவின் மேற்பகுதி, கைப்பை, தோலாடை ஆகிய அனைத்தையும் சேர்த்த மொத்த ஏற்றுமதி வேறு; அதில் ஆக்ரா, கான்பூர், கொல்கத்தா முதலிய நகரங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. ‘முழுதும் பதனிடப்பட்ட’ என்னும் அடைமொழி மேடை ஏறும்போது உதிர்ந்துவிடுகிறது. இலக்கணம் கற்றவர்க்கு அடைமொழியின் வேலையைச் சொல்ல வேண்டியதில்லை. அது பொருளுக்கு எல்லை வகுப்பது. எல்லை போனபின் எஞ்சுவது பெருமை மட்டுமே.

அடைமொழியை உதிர்ப்பதில் எதிர்த்தரப்பும் பின்தங்கியதில்லை. தோல் கழிவால் 35,000 ஹெக்டேர் நிலம் பாழாயிற்று என்பது அடுத்த கூற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் மேற்கொண்ட ஆய்வாக அதே தீர்ப்பு இவ்வெண்ணைக் குறிப்பிடுகிறது. தோல் தொழிற்சாலைகள் செறிந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ‘பகுதியாகவோ முழுமையாகவோ’ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டது என்பதே அங்குள்ள செய்தி. நெல்லும் கரும்பும் விளைந்த வயலில் உப்பைத் தாங்கும் தென்னை மட்டும் நிற்குமானால் அது பகுதி இழப்பு. புல்லும் முளைக்காத களராகிவிட்டால் முழு இழப்பு. இரண்டையும் ஒரே சொல்லில் ‘பாழ்’ என்று முடித்துவிட்டால் மறுப்பவருக்கு வேலை எளிதாகிறது. தென்னை நிற்கும் ஒரு தோட்டத்தைக் காட்டி, ‘இதுவா பாழ்?’ என்று கேட்டு, மெய்யான இழப்பையும் சேர்த்தே தள்ளிவிடுவார். மிகைப்படுத்திய உண்மை தன்னையே காத்துக்கொள்ள இயலாமற் போவது இவ்வாறுதான்.

எண் எந்த எல்லைக்குள் எடுக்கப்பட்டது என்பதும் நோக்கத்தக்கது. தீர்ப்பில் வரும் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் பின்னர் வேலூர் மாவட்டமாயிற்று. 2019இல் அது வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. இப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. பழைய மாவட்டத்தின் எண்ணையும் புதிய வேலூர் மாவட்டத்தின் எண்ணையும் அருகருகே வைத்து, ‘தொழில் சரிந்தது’ என்றோ ‘மாசு குறைந்தது’ என்றோ சொன்னால், குறைந்தது மாவட்டத்தின் பரப்பே என்பதை மறந்தவர் ஆவோம்.

மூன்றாவது கூற்று மிகவும் வலிமை வாய்ந்தது: மாசுக்குக் கட்டுப்பாடு விதித்தால் தொழில் ஓடிவிடும், வேலை போய்விடும் என்பது. இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. கூலியை நம்பி வாழும் குடும்பத்தின் அச்சம் அது. ஆயினும் இக்கூற்றைச் சோதிக்க வரலாறே வாய்ப்பளித்திருக்கிறது. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு, தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாதவற்றை மூட ஆணையிட்டது. மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கமாக அறிவித்தது. சிறிய தொழிற்சாலைகள் சில மூடப்பட்டன என்பது உண்மை. தீர்ப்புக்கு முன்னும் பின்னுமாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. தொழில் ஓடிவிட்டதா? 1990களின் நடுப்பகுதியில் இந்தியாவின் தோல், தோற்பொருள் ஏற்றுமதி 200 கோடி டாலருக்கும் குறைவாக இருந்தது. 2022-23இல் அது 500 கோடி டாலரைத் தாண்டியது. இவை நாடு முழுமைக்கும் உரிய எண்கள். விலைவாசி ஏற்றத்தையும் உள்ளடக்கியவை. ஆகவே கட்டுப்பாட்டால்தான் தொழில் வளர்ந்தது என்று முடிவு கட்டுவதற்கு இவை போதா. கட்டுப்பாடு தொழிலைக் கொன்றுவிட்டது என்னும் கூற்றுக்கு இவை இடந்தரவில்லை என்பது மட்டும் உறுதி.

இக்கூற்றில் மறைந்திருக்கும் மயக்கம் ஒன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். ‘தோல் தொழில்’ என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு தொழில்கள் உள்ளன. பச்சைத்தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, பதனிட்டு, மெருகேற்றுவது ஒன்று. அத்தோலை வெட்டித் தைத்து ஷூவாக்குவது மற்றொன்று. நீரும் உப்பும் குரோமியமும் பெருமளவில் கலப்பது முன்னதில். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதாகத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. விடியற்காலையில் சிற்றூர்களிலிருந்து ஆம்பூருக்குப் பேருந்துகளிலும் வேன்களிலும் பெண்கள் செல்வது பெரிதும் பின்னதற்கு. தையல் பொறியின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் வேலையைக் காட்டி, ஊறல் தொட்டியின் கழிவுக்கு மன்னிப்புக் கேட்பது கணக்கில் கலப்படம் செய்வதாகும்.

இத்தொழில்கள் இவ்வடிவம் பெற்றதிலும் அரசின் முடிவுக்குப் பங்குண்டு. முன்னாளில் ஆவாரம்பட்டை முதலியவற்றால் பதனிட்ட தோல் அரைகுறை நிலையிலேயே கப்பலேறியது. 1972இல் சீதாராமையா குழு, மெருகேற்றிய தோலாகவும் தோற்பொருளாகவும் ஏற்றுமதி செய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தொடர்ந்து அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. வேலையும் வருவாயும் உள்நாட்டில் பெருகின. வேதிப்பொருள்களின் பயன்பாடும் உடன் பெருகியது. ஒரே முடிவு, வரவேட்டிலும் செலவேட்டிலும் எழுதப்பட வேண்டியதாயிற்று. வரவை அயல்நாட்டுச் செலாவணி என ஆண்டுதோறும் எண்ணினார்கள். கிணற்று நீர் கைத்ததை எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை.

நான்காம் கூற்று: பாலாறு வறண்டதற்கும் கெட்டதற்கும் தோல் தொழிலே முழுக்காரணம் என்பது. கவிதைகளில் பெரிதும் காணப்படுவது இதுவே. ஆற்றில் நீர் வராமைக்கு மேல்நிலத்துத் தடுப்பணைகளும் ஏரிகளும் உண்டு. 1892ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஒப்பந்தக் காலம்தொட்டுப் பாலாற்று நீர் வழக்குக்குரிய பொருளே. மணற்கொள்ளை உண்டு, ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. நீர் குறைந்தமை வேறு, இருந்த நீர் கெட்டமை வேறு. இரண்டாவதைத் தொழிற்சாலையோடு பிணைக்கும் சான்று தெளிவானது: தொழிற்சாலைக்கு அருகிலுள்ள கிணறுகளையும் தொலைவிலுள்ள கிணறுகளையும் ஒப்பிட்டு, நீரில் கரைந்துள்ள உப்பை அளந்து பெறப்படுவது. அச்சான்றும் ஒரு வியப்பைத் தருகிறது. அஞ்சத்தக்க பெயராகக் குரோமியமே பேசப்படுகிறது. வயலைக் கெடுத்ததில் பெரும்பங்கோ பச்சைத்தோல் அழுகாதிருக்கத் தடவும் சாதாரண உப்புக்கு உரியது. தொடக்ககாலச் சுத்திகரிப்பு நிலையங்கள் அழுக்கையும் குரோமியத்தையும் பிரித்தன. கரைந்த உப்பை அவற்றால் பிரிக்க இயலவில்லை. பின்னரே சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் வந்தன. அப்போதும் உப்பு மறையவில்லை. நீரிலிருந்து மூட்டைக்கு இடம் மாறியது.

இறுதிக் கூற்று: உழவர்க்கு இழப்பீடு கொடுத்தாயிற்று என்பது. தீர்ப்பின் வழி அமைந்த ஆணையம் 2001 மார்ச் 7 அன்று, வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என வரையறுத்தது. கோடி என்னும் சொல் காதை நிறைக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரி ஏறத்தாழ 9,200 ரூபாய். அத்தொகையாவது முழுமையாகச் சேர்ந்ததா? இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு 6 வாரத்திற்குள் வழங்குமாறு 2025 ஜனவரி 30 அன்றும் உச்சநீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. 24 ஆண்டுகளுக்குப் பின்னும் ‘வழங்குக’ என்று சொல்ல நேர்ந்ததெனின், ‘வழங்கியாயிற்று’ என்னும் கூற்றுக்கு வேறு மறுப்பு வேண்டா.

எண்ணில் அடங்காதவையும் செலவேட்டில் உள்ளன. இராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவின் தீங்கு, தொழிற்சாலை நின்ற பின்னும் நீடித்தது. 2015 ஜனவரி 31 விடியலில் அந்நகரத் தொழிற்பேட்டையின் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத்தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மாண்டனர். மாசைத் தீர்க்க எழுந்த நிலையமே உயிர்குடித்தது. சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்பதும், அது செம்மையாக இயங்குகிறது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். அவ்வாறே, தமிழக அரசின் 2022ஆம் ஆண்டுக் காலணி, தோற்பொருள் கொள்கை சொல்லும் 2 லட்சம் வேலைவாய்ப்பு என்பதும் ஓர் இலக்கு. நிறைவேறிய செயலாக அதனை எடுத்துரைத்தல் பிழை.

கவிஞருக்கு இவற்றால் ஆவதென்ன எனக் கேட்கலாம். புள்ளிவிவரம் கவிதையாகாது, ஆக வேண்டியதுமில்லை. ஆனால் ஊரின் துயரை முதலில் பெயர் சொல்லி அழைப்பவர் கவிஞரே. ‘முதலாளி ஒருபுறம், உழவர் மறுபுறம்’ என்று எழுதப்படும் ஊரில், தாய் உப்பேறிய நிலத்தைப் பார்த்திருக்க, மகள் ஷூ கம்பெனிக் கூலியில் குடிநீர்க் குடம் வாங்கும் வீடுகள் உண்டு. வரவேடும் செலவேடும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒன்றை மறைத்து எழுதும் கவிதை அவ்வீட்டில் ஒருவரை இல்லாமற் செய்துவிடுகிறது.

சான்று தேடும் சுமை யாருடையது என்பதையும் அத்தீர்ப்பு மாற்றி அமைத்தது. தன் செயல் சூழலுக்குத் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தொழில் செய்பவர்மீதே அது வைத்தது. பேனா பிடிப்பவர்க்கும் இந்நெறி பொருந்தும். ஓர் எண்ணை அவைக்குக் கொண்டுவருபவர் அது எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டினது, எந்த எல்லைக்கு உட்பட்டது, எந்த அடைமொழியோடு பிறந்தது என்று சொல்லக் கடமைப்பட்டவர். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் அரங்குகளில் பாலாற்றைப் பற்றிய கவிதைகள் இன்னும் பல படிக்கப்படும். அவற்றில் வரும் ஒவ்வோர் எண்ணும், கிணற்றடியில் நிற்கும் உழவரும் தையல் பொறியின் முன் அமர்ந்திருக்கும் தொழிலாளியும் ஒருசேரக் கேட்டு, ‘ஆம், இது சரி’ என்று ஒப்பத்தக்கதாக அமைவதாகுக.