கடிதம் இல்லாத கைதிகள்



பத்தாம் ஆண்டு விழாவில் போர்க்கைதிகளின் கடிதங்களையும் நிழற்படங்களையும் பற்றிப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அந்தப் பழங்கதையில் நம் சேலம், நாமக்கல் மண்ணுக்கும் ஒரு பங்குண்டு.

இரண்டாம் உலகப்போரின்போது சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில்பாதை அமைத்தனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் வருந்தி உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். மாண்டோர் 12,000க்கும் மேல். நலமாக இருப்பதாக அச்சிட்ட அஞ்சலட்டைகள் அவர்களுடைய வீடுகளைச் சென்றடைந்தன. ஆஸ்திரேலிய வீரர் ஜார்ஜ் ஆஸ்பினால், மறைத்து வைத்திருந்த கேமராவால் முகாம்களைப் படமெடுத்தார். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு.

அதே பாதையில்தான் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் மடிந்தனர். சேலம், திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்ட, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய மக்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் கூலிகள், ஆகவே போர்க்கைதி என்ற பெயர்கூட அவர்களுக்குக் கிட்டவில்லை. கைதிகளுக்கு இருந்த பெயர்ப்பட்டியலும் இல்லை, அஞ்சலட்டையும் இல்லை. 1943இல் காலரா பரவியபோது அவர்கள் கூட்டம் கூட்டமாக இறந்ததை வெள்ளைக் கைதிகளின் நாட்குறிப்புகள் சொல்கின்றன. அங்கும் அவர்கள் வெறும் 'தமிழர்கள்'தான். ஆளுக்கொரு பெயர் இல்லை.

காப்பகம் வாய் மூடியிருந்த இடத்தில் இலக்கியம் பேசியது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் அந்தக் கடனை ஓரளவு தீர்த்தன. நம் பங்குக் கடன் இன்னும் அப்படியே இருக்கிறது.

கவிஞர்களே, அந்த மௌனத்தைக் கற்பனையால் நிரப்பிவிடும் ஆற்றல் உங்களுக்கு உண்டு. அதற்குமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரில், உறவில், மலாயா போனவர்கள் குடும்பம் எது என்று கேளுங்கள். பரணிலிருக்கும் தகரப்பெட்டியில் ஒரு பழைய தபால் உறை, ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படம் கிடைக்கலாம். அதிலிருப்பவர் யார், எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று, சொல்லத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். அவர் கண்மூடிவிட்டால் அந்தப் படமும் பெயரிழந்துவிடும்.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், அப்படி ஒரு பெயரையாவது மீட்டோம் என்றால் இந்த விழா பொருளுடையதாகும்.