நெடுஞ்சொல்லைப் பிரித்தறிதல்

1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கண்டி–மாத்தளை இருப்புப்பாதையில் அமைந்த ஊர் வத்தேகம. ‘வத்தே’ என்றால் தோட்டத்து. ‘கம’ என்றால் ஊர். இரண்டு துண்டாகப் பிரித்தவுடன் சிங்களப் பெயர் தமிழ் மாணாக்கனுக்கும் விளங்கிவிடுகின்றது. ஆங்கில நெடுஞ்சொல்லுக்கும் இம்முறையே பொருந்தும்.

அவ்வூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்ட மக்களின் வரலாற்றோடு பிணைந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: ‘டிஸென்பிரான்ச்சைஸ்மென்ற்’. ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்துக்கள் 18. ஆயின் ஒலிகளோ 16. ‘ச்’ என்னும் ஒலியை இரண்டு எழுத்துக்கள் சேர்ந்து தருகின்றன. ‘மென்ற்’ என்பதற்கு முன்னுள்ள உயிரெழுத்து வாய் திறவாது நிற்கின்றது. அசைகள் ஐந்து: டிஸ், என், பிரான், ச்சைஸ், மென்ற். அசைக்கு ஓர் உயிரொலி என்பதே கணக்கு.

இனிப் பொருளுறுப்புகளைக் காண்போம். ‘டிஸ்’ நீக்கத்தைக் குறிக்கும் முன்னொட்டு. ‘என்’ ஆக்குதலைக் குறிப்பது. ‘மென்ற்’ தொழிற்பெயர் விகுதி. நடுவே நிற்பது ‘பிரான்ச்சைஸ்’. பழைய பிரெஞ்சு மொழியில் ‘பிராங்க்’ என்றால் கட்டற்றவன். அதிலிருந்து ‘சுதந்திரம்’ என்றும், பின்னர் ‘வாக்குரிமை’ என்றும் பொருள் விரிந்தது. எனவே, முழுச்சொல்லின் பொருள் வாக்குரிமையைப் பறித்தல்.

அசையின் எல்லையும் பொருளின் எல்லையும் எப்போதும் ஒன்றாகா. ‘ச்’ ஒலி பொருளால் முன்னுள்ள வேரைச் சேர்ந்தது. உச்சரிப்பால் அடுத்த அசையோடு ஒட்டிக்கொள்கின்றது. தமிழ் மாணாக்கனுக்கு இது புதிதன்று. ‘படித்தான்’ என்பது அசையால் படித்/தான். பகுபத உறுப்புக்களால் படி+த்+த்+ஆன். பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த பகுதி, விகுதி, இடைநிலை முதலிய ஆறு உறுப்புக்களைக் கற்றவன், ஆங்கிலச் சொல்லின் நீளங் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

அச்சொல்லின் பொருள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தபின், தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் 1952ஆம் ஆண்டில் வாக்களிக்க இயலவில்லை. நாடற்றவராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலும் இயற்றப்பட வேண்டியிருந்தது. இடையிற் கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

சட்டமும் விண்ணப்பப் படிவமும் நெடுஞ்சொற்களால் ஆனவை. அவற்றின் பொருளறியாதவன் பிறர் சொன்னதை நம்பியே ஒப்பமிடுகின்றான். ஆதலின் ஆசிரியர்கள், நெடுஞ்சொல் எதிர்ப்படும்போது பொருளை உடனே கூறிவிடலாகாது. மாணாக்கர் முதலில் அசைகளைக் கைதட்டி எண்ணட்டும். அடுத்து ஒலிகளைப் பிரிக்கட்டும். பின்பு முன்னொட்டையும் விகுதியையும் நீக்கி வேரைத் தேடட்டும். வேர் அகப்பட்டபின், அகராதியைத் திறந்து தம் முடிவைச் சரிபார்க்கட்டும். இப்பயிற்சிக்குக் கரும்பலகையும் வெண்கட்டியும் போதும். அதனைப் பெற்ற பிள்ளை, தன் கைக்கு வரும் தாளைத் தானே படித்தறிந்து ஒப்பமிடும்.