வித்தும் விளைநிலமும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



குடவோலைக் கல்வெட்டால் உலகறிந்த ஊர் உத்திரமேரூர். பத்தாம் நூற்றாண்டின் அத்தேர்தலில் நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே இடமிருந்தது. பிறப்பைக் காட்டி அவ்விரண்டும் மறுக்கப்பட்ட மக்கள் நாம். ஆதலின், பிறப்பு என்பது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை மற்றெவரினும் நாமே முதலில் கற்றுத் தெளிதல் வேண்டும். இது கூசி ஒதுக்கத்தக்க பொருளன்று.

‘ஆணே வித்து, பெண் வெறும் விளைநிலம்’ என்பது பழங்கொள்கை. மனுநூலும் இவ்விரண்டையும் ஒப்பிட்டு வித்தையே உயர்த்திப் பேசுகின்றது. இக்கொள்கை மெய்தானா என்பதை நம் ஏரிக்கரையிலேயே ஆராய்ந்து பார்ப்போம்.

கரையில் நிற்பது பனை. பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்பனையின் பாளையில் உண்டாகும் மகரந்தத் தூள் காற்றாலும் பூச்சிகளாலும் பெண்பனையின் பூவைச் சென்றடைகின்றது. அத்தூள் சேராத பூவில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. செடிகளிலும் ஆண், பெண் உண்டு என்பதை 1694ஆம் ஆண்டில் கமராரியஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் சோதனைகளால் நிறுவினார்.

கரைக்குக் கீழே விளைவது நெல். இங்கு ஆணும் பெண்ணும் ஒரே பூவில் உள்ளன. ஆறு மகரந்தத் தாள்கள், ஒரு சூலகம், அதன்மேல் இறகு போன்ற இரு சூல்முடிகள். முற்பகலில் உமி சிறிது நேரமே திறக்கின்றது. சூல்முடியில் விழுந்த மகரந்தம் நுண்ணிய குழாயொன்றை உள்ளே செலுத்துகின்றது. அதன் வழியே வரும் ஆண் அணு, சூலுக்குள் இருக்கும் அண்டத்தோடு கலக்கின்றது. இதுவே கருவுறுதல்.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். வேறிரு வகைகளைக் கலக்க விரும்புவோர், பூ திறக்குமுன் மகரந்தத் தாள்களை நீக்கிவிட்டு, மற்ற வகையின் மகரந்தத்தைத் தூவுவர். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 இவ்வாறு பிறந்ததே. இந்தோனேசியாவின் உயரமான ‘பீட்டா’வும், தைவானின் குட்டையான நெல்லும் அதன் பெற்றோர். ஒன்றின் வீரியமும் மற்றொன்றின் குட்டைத் தண்டும் அதில் ஒருங்கே அமைந்தன. பெற்றோர் இருவருமே தம் பங்கைத் தந்தனர் என்பதற்கு வயலே சான்று.

ஏரி நீரில் மீனும் தவளையும் வாழ்கின்றன. பெண் இடும் முட்டைகள்மீது ஆண் தன் விந்தணுக்களை நீரிலேயே விடுகின்றது. கோழியிலும் பசுவிலும் மனிதரிலும் கருவுறுதல் பெண்ணின் உடலுக்குள் நிகழ்கின்றது. கோழி முட்டையிட்டு அடைகாக்கும். பசு ஒன்பது மாதங்களுக்கு மேல் கன்றைச் சுமக்கும். வழி வேறாயினும் விதி ஒன்றே. பாலூட்டிகளின் அண்டத்தை 1827இல் பேயர் கண்டறிந்தார். கடல் முள்ளெலி என்னும் உயிரில் விந்தணுவின் உட்கரு அண்டத்தின் உட்கருவோடு இணைவதை 1876இல் ஹெர்ட்விக் உருப்பெருக்கியில் கண்டார். விளைநிலம் என இகழப்பட்ட தாயும் வித்துத் தருபவளே என்பது அன்று வெளிப்பட்டது.

மனிதரில் தாயின் அண்டம் 23 குரோமோசோம்களையும், தந்தையின் விந்தணு 23 குரோமோசோம்களையும் கொணர்கின்றன. இரண்டும் இணைந்த கருமுட்டையில் 46 ஆகின்றன. தாய் எப்போதும் எக்ஸ் குரோமோசோமையே தருகின்றாள். தந்தை தருவது எக்ஸ் எனில் பெண். ஒய் எனில் ஆண். விந்தணுவே பாலைத் தீர்மானிக்கின்றது என்பதை 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் வண்டினம் ஒன்றில் கண்டறிந்தார். மனிதரிலும் அஃதே நிகழ்கின்றது. பெண் மகவைப் பெற்றாள் என்று மருமகளைப் பழிக்கும் வழக்கம் நம் தெருக்களிலும் உண்டு. அதற்கு அறிவியலில் இடமில்லை. தந்தையையும் பழித்தல் கூடாது. அவன் தேர்ந்து தருவதன்று அது.

மேலும் ஒன்று. நெல்லின் மகரந்தம் பனையில் கருவை உண்டாக்காது, இனம் வேறு. மனிதரிலோ எந்நாட்டு ஆணும் எந்நாட்டுப் பெண்ணும் கூடி மகப்பெற இயலும். அம்மக்களும் மக்களைப் பெறுவர். ஆகவே மனிதர் யாவரும் ஓரினமே. சேரிக்கும் ஊருக்கும் வேறுவேறு குரோமோசோம்கள் இல்லை. உயர்வு தாழ்வு என்பது கருப்பையில் உண்டானதன்று; மனிதர் வகுத்தது. மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றலாம்.

இளைஞர்களே! வகுப்பில் இப்பாடம் வரும்போது, ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என ஆசிரியர் கடந்து சென்றால், எழுந்து நின்று கேளுங்கள். பெற்றோர்களே! பதினெட்டு நிறையுமுன் மகளுக்கு மணம் பேசாதீர்கள். அவளைப் படிக்க வையுங்கள். தந்தைக்கு நிகரான பங்கைத் தந்த தாய்க்குக் கல்வியிலும் நிகரான பங்கு வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றிவரும் இச்சங்கம் மேலும் தழைக்க!