பொங்கற் பண்டிகையும் இல்லத்துச் சமையலும்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தைப்பொங்கல் சமீபித்திருக்கும் இத்தருணத்தில், அன்று நம் இல்லங்களில் சமைக்க வேண்டிய போஜனத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற முன்வந்தோம். சமையலுக்கும் ஒரு பிரசங்கமா என்று சிலர் நகைக்கலாம். வீட்டுப் பெரியவர் நீரிழிவின் காரணமாக இலைமுன் முகம் வாடி அமர்ந்திருப்பதும், அன்றேல் பிறரறியாது தித்திப்பை உண்டு மறுநாள் வைத்தியரை நாடுவதும் நாம் காணாத காட்சிகளா?

பண்டிகைச் சாப்பாட்டை வெளியிலிருந்து தருவிக்கும் வழக்கம் இப்போது பல இல்லங்களில் புகுந்துவிட்டது. உத்தியோகம் பார்க்கும் பெண்மக்களைக் குறைகூற நாம் இங்கு நிற்கவில்லை. ஆயினும், தருவித்த பதார்த்தத்தில் எண்ணெய் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதை உண்பவர் அறியார். நம் அடுப்பில் ஏறுவதை நாமே அளக்கலாம்.

முதலில் அரிசியை எடுத்துக்கொள்வோம். தவிடு முற்றும் நீங்கத் தீட்டிய அரிசியையே உண்ட கோழிகள் நரம்பு நோயுற்றதை ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் வைத்தியர் கண்டறிந்தார். அவ்வாராய்ச்சியின் பொருட்டு 1929-ம் வருஷத்தில் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தவிட்டிலுள்ள தயமின் என்னும் ஜீவசத்தே பெரிபெரி நோயைத் தடுப்பது. நம் குன்னூரிலும் மக்காரிஸன் என்பவர் 1920-களில் இந்நாட்டின் பற்பல பிரதேசத்து உணவுகளை எலிகளுக்கு அளித்துப் பரீட்சித்தபோது, தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை ராஜதானி உணவே கடைப்பட்டதாக நின்றது. அந்த ஆராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறிவிட்டது. அது கூறிய புத்திமதி மாறவில்லை.

ஆகவே பொங்கற்பானைக்கு அதிகம் தீட்டாத புத்தரிசியைத் தேடி வாங்குங்கள். புத்தரிசி குழையும் இயல்புடையது. பொங்கலுக்கு அதுவே வேண்டியது. பொங்கலில் கஞ்சி வடிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். நீரில் கரையும் ஜீவசத்துக்கள் கஞ்சியோடு வெளியேறாமல் பானையிலேயே தங்குகின்றன. ஒரு ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்குப் பயற்றம்பருப்பு சேர்த்தால் புஷ்டியும் கூடும்.

இனி வெல்லம். "வெல்லம் மருந்து, சீனிதான் விஷம்" என்று நம்மவர் பலர் சொல்லக் கேட்கிறோம். இதை நாம் ஒப்புவதற்கில்லை. வெல்லத்தில் சிறிது இரும்புச் சத்து உண்டு. ஆனால் அதில் 100-க்கு 80 பங்குக்கு மேல் சர்க்கரையே. நீரிழிவுடையாருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அரிசிக்கு இருமடங்கு வெல்லம் இடுவதை விட்டுச் சரிக்குச் சரி இட்டுப் பாருங்கள். ஏலமும் முந்திரியும் குறையை நிரவும். அரிசி நன்கு வெந்த பின்னரே வெல்லப்பாகை வடிகட்டி ஊற்ற வேண்டும். முந்தினால் அரிசி விறைத்துப் போகும். பெரியவர்களுக்கு மிளகும் சீரகமும் இட்ட வெண்பொங்கலை முதன்மையாக வைத்து, தித்திப்பை ஒரு கரண்டியளவு பரிமாறலாம். அவர்களும் எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாம்.

பொங்கலின் உண்மையான செல்வம் காய்கறிக் குழம்பேயாகும் என்பது நம் அபிப்பிராயம். பூசணி, அவரை, பச்சை மொச்சை, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு, கருணை, வாழைக்காய் ஆகிய யாவும் தை மாதத்தில் சந்தைக்குத் தாமே வந்து குவிகின்றன. மொச்சையும் அவரையும் மாமிச உணவில்லாதாருக்குப் புரதம் தருவன. கருணையைப் புளிநீரில் வேகவைத்தால் நாவரிப்பு அடங்கும். எண்ணெயைத் தாளிப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

இத்தனை காய்களையும் நறுக்குவது யார்? இங்கே புருஷர்களை நோக்கி ஒரு விண்ணப்பம். வீட்டிலுள்ள பெண்கள் நாலு மணிக்கு எழுந்து புகையிலும் வியர்வையிலும் நிற்க, நாம் திண்ணையில் பத்திரிகை படித்திருந்தால், அடுத்த வருஷம் அவர்கள் சாப்பாட்டைத் தருவிப்பதே நியாயம்! முதல்நாள் இரவே மொச்சையை உரிப்பதும், கிழங்குகளைக் கழுவித் தோல் சீவுவதும் ஆண்களும் பிள்ளைகளும் செய்யக்கூடியவை. பரிமாறுவதையும் நாமே ஏற்றுக்கொள்வோம். சமைத்தவர்கள் முதற் பந்தியில் அமரட்டும்.

மிஞ்சிய குழம்பை வீணாக்க வேண்டாம். ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மாட்டுப் பொங்கலன்று கொதிக்கச் சுண்டவைத்தால், புதுக்குழம்பைவிட அதற்கே பிள்ளைகள் போட்டியிடுவார்கள்.